சூனாசரில் பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

என் ஓரகத்தி தாபுவைப் போல ஒரு பயந்த பிறவியை இந்த மணல்காடு முழுக்கச் சலித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயப்படாதவர்கள் ஒருவரும் இல்லை. தாபு காற்றுக்குப் பயந்தாள். ஜெய்சல்மேருக்கு மேற்கே வாக்கப்பட்டு வந்துவிட்டுக் காற்றுக்குப் பயந்தால் எப்படிக் குடித்தனம் நடத்துவது? மீன்காரனைக் கட்டிக்கொண்டு கவிச்சி ஆகாது என்ற கதைதான்.

அவள் தன் வீட்டில் ஐந்தாவது பெண். தாபு என்றால் எங்கள் பேச்சில் 'போதும், வயிறு நிறைந்துவிட்டது' என்று அர்த்தம். பெண்பிள்ளை போதும் என்று சாமிக்குச் சொல்வதற்காக வைக்கிற பேர். சாமிக்கும் காது கேட்டிருக்கிறது, அடுத்தது பையன். அந்தத் தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் தாபு. மீசை அரும்புகிற வயசில், வழிதவறிய ஆட்டைத் தேடிப் போனவன் புழுதிப்புயலில் மாட்டிக்கொண்டான். காற்று அடங்கியதும் போய்ப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில், வன்னி மரத்தடியில் கிடந்தான். வாயெல்லாம் மணல். வீட்டுக்குள் கதவை அடைத்துக்கொண்டு இத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். "யாராச்சும் கூப்பிட்டிருந்தா வந்திருப்பான்" என்று தாபு ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நானும் எடுத்ததில்லை.

அப்படிப்பட்டவளை எங்கே கொடுத்தார்கள் பாருங்கள். என் மூத்தாருக்கு, அதாவது என் புருஷனின் அண்ணனுக்கு. அவருக்குப் பிழைப்பே மணலில்தான். வெளியூர்க்காரர்கள் காலையில் கோட்டையைப் பார்ப்பார்கள், வியாபாரிகள் கட்டிய பழைய மாளிகைகளைப் பார்ப்பார்கள், ராஜாக்களை எரித்த இடத்துக் குடைமண்டபங்களில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஜீப்காரன் அவர்களைக் கொண்டுவந்து சூனாசர் என்ற ஆளில்லாத ஊரில் இறக்கிவிட்டுப் போவான். அங்கிருந்து மணல்மேடு வரைக்கும் என் மூத்தாரும் அவருடைய இரண்டு ஒட்டகங்களும். வெயில் மறைவதைக் காட்டிவிட்டு ஆட்களைத் திரும்ப ஒப்படைப்பார்.

அவர் கிளம்பிப் போனதிலிருந்து திரும்பி வரும் வரைக்கும் தாபுவின் உயிர் அவள் உடம்பில் இருக்காது. மாவு பிசைவாள், வானத்தைப் பார்ப்பாள். ஆட்டுக்குத் தழை போடுவாள், மேற்கே பார்ப்பாள். எருக்கஞ்செடி அசைந்தால் போதும், "ஹஞ்சா, காத்து திரும்புதா?" என்பாள். என் புருஷனுக்கு இது பெரிய வேடிக்கை. "அண்ணி, வானிலை ஆபீசுல ஆள் எடுக்கிறாங்களாம், உங்க பேரைக் கொடுத்துட்டு வரட்டுமா?" என்பார். அவள் சிரிக்கமாட்டாள். ஒட்டகத்தின் கழுத்தில் அவள் கட்டிவிட்ட தாயத்துகளின் கனத்துக்கே அது ஒரு ஆளைக் குறைவாகச் சுமந்திருக்கும்.

மூத்தாரின் பேரை நான் எழுதப்போவதில்லை. புருஷனுக்கு மூத்தவர் பேரை எங்கள் பெண்கள் வாயில் எடுப்பதில்லை. அவர் எதிரில் முக்காட்டை விலக்குவதில்லை, குரலை உயர்த்துவதும் இல்லை. எனக்கே இத்தனை கட்டு என்றால் அவரைக் கட்டினவளுக்கு எவ்வளவு இருக்கும்? ஒவ்வொரு தடவை பேரைச் சொல்லும்போதும் புருஷன் ஆயுசில் ஒரு துண்டு உதிர்ந்துவிடும் என்பார்கள். நான் பாதி நம்புவேன், பாதி நம்பமாட்டேன். தாபு முழுசாக நம்பினாள். அந்தப் பேரில் உப்பு கலந்திருக்கிறது, உப்புக்கு எங்கள் பேச்சில் சொல்கிற வார்த்தை. அதனால் அவள் உப்பைக்கூட உப்பு என்று சொன்னதில்லை.

"ஹஞ்சா, அந்த வெள்ளையை எடு."

"எந்த வெள்ளை அக்கா? சீனியா, சுண்ணாம்பா?"

"விளையாடாதடி. ஏரியில விளையுதே, அது."

கல்யாணமான புதிதில் அவரைக் கூப்பிட வளையலைக் குலுக்குவாளாம். மோத்தி பிறந்தபின் 'மோத்தி அப்பா' ஆனார். மோத்தி வளர்ந்து ஜோத்பூரில் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் அவர் மோத்தி அப்பாதான்.

இனி சூனாசர் பேயைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தப் பேயை எங்கள் முற்றத்தில் வைத்துத்தான் செய்தார்கள், என் கண் முன்னாலேயே.

சூனாசர் ஏன் காலியானது என்றால், கிணற்றுத் தண்ணீர் கரித்துப்போனது, ஜனங்கள் கிளம்பிப் போனார்கள். அவ்வளவுதான். இதைச் சொன்னால் வருகிறவர்கள் கொட்டாவி விட்டார்கள். கூரையில்லாத வீடுகளையும் இடிந்த சுவர்களையும் எத்தனை நேரம் பார்ப்பார்கள்? ஒருநாள் மூத்தார் மோர் குடித்துக்கொண்டே என் புருஷனிடம் சொன்னார்: "டேய், அந்த ஊர்ல ஒரு பொம்பளையை விட்டுட்டு வந்துட்டா என்ன?" அண்ணனும் தம்பியும் சிரித்துச் சிரித்து அவளுக்கு உருவம் கொடுத்தார்கள். ஊரே கிளம்பியபோது கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் மறந்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவள் வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். திரும்பிப் பார்த்தாலோ பதில் சொன்னாலோ தீர்ந்தது, கிணற்றுக்குள் கொண்டுபோய்விடுவாள்.

கதை பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் கதையைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள். முதல் வருஷம் அவர் வீட்டுக்கு வந்து, யார் யார் எப்படி நடுங்கினார்கள் என்று நடித்துக் காட்டுவார். பிறகு நடிப்பது குறைந்தது. பிறகு, வெயில் சாய்ந்ததும் கிணற்றுப் பக்கமாக வராமல் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். தினமும் ஒரு பொய்யைச் சொன்னால் கேட்கிறவன் நம்புகிறானோ இல்லையோ, சொல்கிறவன் நம்பிவிடுகிறான். "என்னண்ணா, நீ பெத்த பிள்ளைக்கு நீயே பயப்படுறியா?" என்று என் புருஷன் கேட்டதற்கு, "இருக்கிறதைத்தான் அவளே நம்ம வாயில வர வெச்சிருக்காளோ என்னவோ, யாரு கண்டா" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம். வெளியூர் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கல்கத்தாவிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்திருந்தார்கள். மூத்தவர் ரேபா, தலை நரைத்தவர், மூச்சிரைப்புக்காரர். இளையவர் ஷிப்ரா, கழுத்தில் கேமரா, காலில் சக்கரம். தெரியாத ஆம்பிளையை நம்பி வனாந்தரத்துக்கு வரமாட்டோம், வீட்டுப் பெண்கள் யாராவது கூட வரவேண்டும் என்று ஜீப்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நான் வரலை" என்றாள் தாபு.

"நான் தினம் போற இடம்தானே. ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா உன் பயம் போயிடும்" என்றார் மூத்தார்.

"பார்த்தா கூடத்தான் செய்யும்."

"நீ வந்தா காத்து உனக்குப் பயந்து அடங்கிடும், வா."

கடைசியில் "ஹஞ்சா வந்தா வரேன்" என்று என் தலையில் போட்டாள். எனக்குக் கசக்குமா? கல்யாணமானதிலிருந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பாழடைந்த ஊர் அதைவிட மோசமாகவா இருந்துவிடப்போகிறது? கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சூனாசர் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மஞ்சள் கல்லில் அடுக்கிய சுவர்கள், மாடங்கள், யார் வீட்டுத் திருகைக்கல்லோ பாதி மண்ணில். ரேபா அம்மா ஒவ்வொரு வாசலிலும் நின்று பெருமூச்சு விட்டார். ஷிப்ரா அம்மா ஓடி ஓடிப் படம் எடுத்தார். தாபு மட்டும் ஒரு வீட்டையும் பார்க்கவில்லை. முக்காட்டை இரண்டு விரலால் விலக்கி மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று மூத்தார் கதையைச் சொன்னார். முதல் தடவையாக அவர் சொல்லி நான் கேட்கிறேன். முற்றத்தில் சிரித்துச் சிரித்துச் செய்த கதைதான், ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. குரல் தாழ்ந்துகொண்டே போனது. "நம்மளைப் பேர் சொல்லி ஒரு பொம்பளைக் குரல் கூப்பிடும், அம்மா. தெரிஞ்ச குரல் மாதிரியும் இருக்கும், தெரியாத மாதிரியும் இருக்கும். திரும்பக்கூடாது. எதிர்ப்பக்கமா நடந்துகிட்டே இருக்கணும்" என்றார். நானே கிணற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ரேபா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஷிப்ரா அம்மா, "என் பேரை ஒழுங்கா உச்சரிக்கிற பேயா இருந்தா நானே போயிடுறேன்" என்று சிரித்துவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் கல்மரத்தைப் பார்க்கக் கிளம்பினார். எந்தக் காலத்திலோ மரமாக இருந்து இப்போது கல்லாகக் கிடக்கிற ஒன்று. கடைசிச் சுவரைத் தாண்டி, திறந்த மணலில் கொஞ்ச தூரம் போகவேண்டும். "நீங்க இருங்க, நான் இப்ப வந்துடறேன்" என்று தனியாகவே போனார்.

முதலில் ஒட்டகங்கள் இரண்டும் சொல்லாமலே மண்டியிட்டு உட்கார்ந்தன. மூக்கை மூடிக்கொண்டன. பிறகு சத்தம் எல்லாம் நின்றது. ஒரு ஈ கூட இல்லை.

"ஹஞ்சா" என்றாள் தாபு. அவள் கை நீண்டிருந்த பக்கம் பார்த்தேன். மேற்கே தரையும் வானமும் சேருகிற இடத்தில் ஒரு செங்கல்நிறச் சுவர் எழும்பியிருந்தது. அது அசையாமல் நிற்பதாகத்தான் முதலில் தோன்றியது. கண்ணை இமைத்துவிட்டுப் பார்த்தால் பக்கத்தில் இருந்தது.

மூத்தார் எங்கள் மூன்று பேரையும் ஒரு வீட்டின் மூலையில், காற்று எதிர்ப்படாத சுவரோரம் தள்ளினார். "எது நடந்தாலும் இந்த மூலையை விட்டு நகரக்கூடாது. அந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்துடறேன்." தாபு அவர் சட்டையைப் பிடித்தாள். எங்கள் எதிரில், அதுவும் வெளியாள் ஒருத்தர் எதிரில், அவள் அவரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் அவள் விரல்களைப் பிரித்துவிட்டு ஓடினார்.

அப்புறம் உலகம் இருட்டியது. பட்டப்பகலில் என் கையை என் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. காற்று ஊளையிடவில்லை, இரைந்தது, மலைமேல் லாரிகள் வரிசையாக ஏறுகிற மாதிரி. மணல் கன்னத்தில் ஊசியாக இறங்கியது. எங்கள் முக்காட்டை எத்தனை நாள் சபித்திருப்பேன். அன்றைக்கு அதுதான் மூச்சுவிட வைத்தது. என் முக்காட்டின் பாதியை ரேபா அம்மாவின் வாயில் அழுத்திப் பிடித்தேன். அவர் நெஞ்சு விசிலடித்தது. இவர் என் கையிலேயே செத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். நானும் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது மூத்தாரைப் பற்றியே நினைக்கவில்லை.

தாபு நினைத்துக்கொண்டிருந்தாள். "ஹஞ்சா, அவர் எந்தப் பக்கம்னு பார்த்து வருவாரு? ஒண்ணுமே தெரியலையே. குரல் கொடுக்கணும்டி."

"கொடு!"

"மோத்தி அப்பா!" என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் முக்காட்டுக்குள்ளேயே பேசிப் பழகிய தொண்டை. மறுபடியும் கத்தினாள். காற்று வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.

"அக்கா, மோத்தி அப்பாவும் வேண்டாம், மாமனார் மகனும் வேண்டாம். நீட்டமா இழுத்துக் கத்தினாத்தான் காத்துல நிக்கும். பேரைச் சொல்லு!"

"ஐயோ, மாட்டேன்."

"சொன்னா ஆயுசு கொஞ்சம்தான் குறையும். சொல்லலைன்னா இன்னிக்கே முடிஞ்சிடும். உன் தம்பியை நினைச்சுப் பாரு!"

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை. சொல்லிவிட்டேன். அவள் உடம்பு என் தோளில் ஒரு குலுங்கு குலுங்கியது. "சரி, நான் கூப்பிடட்டா?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீ சொல்லாத. புருஷன் என்னோடது. பாவமும் என்னோடதா இருக்கட்டும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முக்காட்டை விலக்கினாள். கூப்பிட்டாள்.

அப்படியொரு குரல் அவளுக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பேரின் முதல் எழுத்தை இழுத்து, நடு எழுத்தில் ஏறி, கடைசி எழுத்தை வீசியெறிந்தாள். ஒரு மூச்சு நிறுத்தி மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அழுதாள், அழுதுகொண்டே அடுத்ததைக் கூப்பிட்டாள். இதைக் கேட்டு ஒருத்தர் வராமல் இருக்க முடியாது என்று எனக்குத் தைரியம் வந்தது.

ஏதோ என் கால்மேல் விழுந்தது. கத்திவிட்டேன். ஷிப்ரா அம்மா. நாலு காலில் தவழ்ந்து வந்திருந்தார். தடவினால் கழுத்தில் கேமரா, தலையெல்லாம் மண், முழங்கையில் பிசுபிசுவென்று ரத்தம். அவரை இழுத்து மூலைக்குள் போட்டுவிட்டு, "அவரு எங்கே? எங்க மூத்தாரு எங்கே?" என்றேன்.

அவர் இருமி, துப்பி, என் காதில் வாயை வைத்துச் சொன்னார். "கூடத்தான் வந்துகிட்டிருந்தோம். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். கிட்ட வந்துட்டோம். அப்ப இந்தக் குரல் கேட்டுச்சு. அவர் அப்படியே நின்னுட்டார். என் காதைப் பொத்தினார். அவதான், அவதான் கூப்பிடுறா, திரும்பாதீங்கன்னு என்னை அந்தப் பக்கமா இழுத்தார். ஐயோ, அது உங்க பெண்டாட்டிதான்னு கத்தினேன். என் பெண்டாட்டி செத்தாலும் என் பேரைச் சொல்லமாட்டாள்னு சொன்னார். நான் கையை உதறிட்டுக் குரலைப் பிடிச்சு வந்துட்டேன்."

"அவரு?"

"ஓடிட்டார். மணல் பக்கமா."

தாபு நின்றுகொண்டிருந்தாள். அடுத்த தடவைக்கு மூச்சை இழுத்துவிட்டாள்.

"அக்கா, நிறுத்து!" அவள் காலைக் கட்டிக்கொண்டேன். "கூப்பிடாதே! உன்னைப் பேயின்னு நினைச்சுக்கிட்டு ஓடுறாரு. நீ கூப்பிடக் கூப்பிட எட்டப் போறாரு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சுவரோடு சரிந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை என்று எழுத நினைக்கிறேன். பார்க்கத்தான் எங்கே முடிந்தது, அந்த இருட்டில்? பேரையும் சொல்லியாயிற்று, ஆளையும் விரட்டியாயிற்று. அந்தப் பக்கம் அடுத்த கிணறு வரைக்கும் மணலைத் தவிர ஒன்றும் கிடையாது. காற்று அடங்குகிறபோது அவர் எங்கே கிடப்பார் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எத்தனை நேரம் அப்படிக் கிடந்தாளோ. திடீரென்று சுவரோரம் கிடந்த ஒட்டகக் கயிற்றை இழுத்துத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மறுமுனையை என் கையில் திணித்தாள். "விட்டுடாதடி."

"எங்கே போற? செத்துப்போவ!"

அவள் சுவரைத் தாண்டினாள். கயிறு என் கையில் ஓடியது. நான் என் காலை வாசற்கல்லில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். இந்தக் கயிறு இப்போது லேசாகிவிட்டால் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்பு. கயிற்றின் அந்தக் கோடியிலிருந்து தாபுவின் குரல் வந்தது.

திட்டிக்கொண்டிருந்தாள்.

"மோத்தி அப்பா! உங்களுக்கு அறிவு இருக்கா? ரொட்டி ஆறிக் கல்லாப் போச்சு! எத்தனை தடவைதான் சுட வைக்கிறது? விறகு என்ன உங்கப்பன் வெட்டிப் போட்டாரா? கதவுக் கீலைத் தட்டுங்கன்னு தீபாவளிக்குச் சொன்னேன், ஹோலியும் போயிடுச்சு! வெள்ளாட்டுக்குக் காய்ச்சல், மருந்து வாங்கினீங்களா? தலைப்பாகையில எண்ணெய்ப் பிசுக்கு, நாலு நாளா சொல்லுறேன், அவுத்துப் போட்டா என்ன, மானமா போயிடும்? ஊர் உலகத்துக்கெல்லாம் வழி காட்டுவீங்க, வீட்டுக்கு வர வழி மட்டும் தெரியாது! வந்து தொலைங்க! நான் ஒருத்தி இங்கே காத்துக்கிடக்கிறேன்!"

தினம் சாயங்காலம் அவர் தாமதமாக வந்தால் சமையல்கட்டிலிருந்து வருகிற பாட்டு இது. வார்த்தை மாறாது. வீட்டில் முணுமுணுப்பாகச் சொல்வதை இங்கே தொண்டை கிழியக் கத்தினாள். முடிந்ததும் மறுபடியும் ரொட்டியிலிருந்து ஆரம்பித்தாள். ரேபா அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டே என்னைப் பிடித்து, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். "ஆட்டுக்குக் காய்ச்சலாம்" என்றேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கதவுக் கீல் என்ற இடத்தில் ஒரு தடவை குரல் நின்றது. கயிறு தொய்ந்தது. நான் பைத்தியம் பிடித்தவள்போல இழுத்தேன். எடையே இல்லாமல் வந்தது கயிறு. அவள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது, அவளும் போய்விட்டாள் என்று முடிவே செய்துவிட்டேன். பிறகு வாசற்கல்லில் ஒருவர்மேல் ஒருவராக இரண்டு பேர் வந்து விழுந்தார்கள்.

காற்று அடங்கியபோது வானம் மங்கலாகத் திறந்தது. மூத்தாரின் தாடியிலும் புருவத்திலும் மண் அப்பியிருந்தது, கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. முதலில் ஷிப்ரா அம்மாவைத் தேடினார். பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். "அவ உங்களைக் கொண்டுபோயிட்டான்னு நினைச்சேன், அம்மா" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. நிறையத் தடவை கூப்பிட்டா. உங்களுக்குக் கேட்டுச்சா?"

ஷிப்ரா அம்மா வாயைத் திறந்தார். தாபு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அதற்குள்ளிருந்தே கையை நீட்டி ஷிப்ரா அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கேட்டுச்சு. கிணத்துப் பக்கமிருந்து வந்துச்சு" என்றாள்.

"திரும்பாம ஓடிட்டேன்."

"நல்லவேளை" என்றாள் தாபு.

ஷிப்ரா அம்மா குனிந்து கேமராவிலிருந்த மணலைத் தட்டினார். ஜீப்காரன் வந்ததும் ரேபா அம்மாவைத் தூக்கி ஏற்றினோம். ஊருக்குப் போனபின் அவருக்குச் சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

இப்போது மூத்தார் சூனாசர் கதையைச் சொல்லும்போது நடிப்பே கிடையாது. "நானே என் காதால கேட்டேன், அம்மா" என்று ஆரம்பித்தால் அவர் கையில் மயிர் சிலிர்ப்பதை வந்தவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். வீட்டிலும் சொல்கிறார். அவர் சொல்லும்போதெல்லாம் தாபு எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விடுகிறாள். உண்மையைச் சொல்லிவிடலாமே அக்கா என்று ஒருநாள் கேட்டேன். "அவருக்குத் தெரிஞ்சா, ஆயுசு குறைஞ்சிடுச்சுன்னு அவரும் பயப்படுவாரு. பேய்க்குப் பயந்தா பரவாயில்லை, பத்திரமா சீக்கிரம் வீட்டுக்கு வராரு" என்றாள்.

அவள் இப்போது வானத்தைப் பார்ப்பதில்லை. காற்று அடித்தால் அடிக்கட்டும் என்று மாவு பிசைகிறாள். பார்ப்பதெல்லாம் அவரைத்தான். அவர் இருமினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். அவர் ஒரு ரொட்டி குறைவாகச் சாப்பிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. திங்கள் விரதம், பௌர்ணமி விரதம், கால்நடையாகக் கோயில், எதையும் விடவில்லை. அவர் கல்லுக்குண்டாகத்தான் இருக்கிறார். இவள்தான் பாதியாக இளைத்துவிட்டாள்.

போன வாரம் இரண்டு பேரும் கம்பு புடைத்துக்கொண்டிருந்தோம். காற்று ஒரு சுழல் சுழன்று உமியை எங்கள்மேல் கொட்டியது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஹஞ்சா, அன்னிக்கு எத்தனை தடவை சொன்னேன்?"

இந்தக் கேள்வியை அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். "ஒரே தடவைதான் அக்கா. மிச்சமெல்லாம் சும்மா கத்தினே. அந்தக் காத்துல பேரா, ஊரா, யாருக்குத் தெரிஞ்சது?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை.

"பொய் சொல்லாதடி. ஒவ்வொண்ணையும் எண்ணிக்கிட்டேதான் கூப்பிட்டேன்" என்றாள்.

பிறகு முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.